நிலைத்தன்மைக்குப் பயணிகள் தரும் மதிப்பை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுலாத் தலத்தின் நிலைத்தன்மையை, அதாவது இயற்கையும் ஊரும் கெடாமல் சுற்றுலா நடப்பதை, பயணிகள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அளக்கப் புறப்படும் புதியவர்களின் வினாத்தாள்களில் அதே பழைய பிழைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, நீளமான கேள்வி போன்றவற்றை விட்டுவிடலாம். பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்தாலே அவை தெரிந்துவிடும்.

"முக்கியமா?" என்று கேட்பது

அதிக நஷ்டம் தருவதும் இதுதான், இன்றும் எரிச்சலூட்டுவதும் இதுதான். "சுற்றுச்சூழல் பாதுகாப்பு உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டால், பெரும்பாலோர் 4 அல்லது 5-ஐத்தான் வட்டமிடுவார்கள். எதிரே நிற்பவரிடம் "எனக்கு அக்கறை இல்லை" என்று யார் சொல்வார்? அந்த எண்ணை நம்பிக் கட்டணம் நிர்ணயித்தால், முன்பதிவு தொடங்கும்போது நிஜம் தெரியும். "எவ்வளவு கூடுதலாகத் தருவீர்கள்?" என்று நேராகக் கேட்பதும் உதவாது. கையை விட்டுப் போகாத பணம் என்பதால் தாராளமாகச் சொல்லிவிடுவார்கள்.

இதற்கு மாற்று, தேர்வுப் பரிசோதனை: கற்பனைப் பயணங்களை அட்டைகளில் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. பயணத்தின் நான்கைந்து பண்புகளை எடுங்கள். அவற்றில் ஒன்று கட்டாயம் விலை. அட்டைக்கு இரண்டு பயணங்கள், மூன்றாவதாக "இரண்டும் வேண்டாம்". இந்த மூன்றாவதை விட்டால், வரவே விரும்பாதவரும் எதையோ வாங்கியதாகக் கணக்காகிவிடும். ஒருவருக்கு 6 முதல் 8 அட்டை போதும்; அதற்கு மேல் போனால் களைத்துப்போய் விலையை மட்டும் பார்த்துக் குறிப்பார்கள். "பசுமை விடுதி" என்று எழுதாதீர்கள். "கழிவுநீர் முழுவதும் சுத்திகரித்த பிறகே கடலில் விடப்படும்", "கடற்கரையில் ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல் அனுமதி இல்லை" என்று எழுதுங்கள்.

பதில்களைப் புள்ளியியல் முறையில் அலசினால் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு கெழு கிடைக்கும்; அந்தப் பண்பு தேர்வை எவ்வளவு மாற்றுகிறது என்பதைக் காட்டும் எண் அது. பண்பின் கெழுவை விலையின் கெழுவால் வகுத்து, கூட்டல் கழித்தல் குறியை மாற்றினால் தரத் தயாரான தொகை கிடைக்கும். விலை நிலைகளை மிக நெருக்கமாக வைத்தால் எவரும் விலையைப் பொருட்படுத்தமாட்டார்கள். விலைக் கெழு பூஜ்யத்தை ஒட்டிவிடும், விடை நம்பமுடியாத அளவுக்கு எகிறும்.

பணம் எந்த வழியில் என்று சொல்லாதது

நன்கொடையா, நுழைவுக் கட்டணமா, இரவுக்கு இவ்வளவு என்ற வரியா? இந்தியர் அல்லாத வெளிநாட்டுப் பயணிகளிடம் பூட்டான் ஓர் இரவுக்கு வாங்கும் கட்டணம் 2022-இல் 200 டாலர். 2023-இல் அது 100 ஆனது. பாலி 2024 முதல் வாங்குவது வருகைக்கு ஒருமுறை 1,50,000 இந்தோனேசிய ரூபியா. பத்து இரவு தங்குபவருக்கு இரண்டும் ஒன்றா?

பூஜ்யங்களை ஒன்றாகச் சேர்ப்பது

எதுவும் தரமாட்டேன் என்று பூஜ்யம் சொல்பவர்களில், "இதற்கு மதிப்பில்லை" என்பவரும் "இது அரசின் வேலை, நான் ஏன் தரவேண்டும்" என்பவரும் வேறு வேறு. காரணம் கேட்டு ஒரு துணைக்கேள்வி போடுங்கள்.

வந்தவர்களிடம் மட்டும் கேட்பது

கூட்டத்துக்கும் குப்பைக்கும் பயந்து வேறு ஊருக்குப் போனவர் உங்கள் விமான நிலையத்தில் இருக்கமாட்டார்.

ஒரே மாதத்தில் முடிப்பது

உச்சப் பருவம், மந்தப் பருவம் இரண்டும் வேண்டும்.