இடிபட்ட ஸ்கோப்: டர்ரெட்டில் கை வைக்கும் முன்

மேசை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த ரைஃபிள் சறுக்கி விழுந்தது. அதன் மேல் பூட்டியிருந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தரையில் 'டொக்'கென்று இடித்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. 100 மீட்டரில் சுட்டுப் பார்த்தேன், இடப்பக்கம் தள்ளிப் போனது. உடனே ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் குமிழான டர்ரெட்டைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த ஐந்து தோட்டா அழகாக நடுவில் விழ, அதற்கடுத்த ஐந்தும் வலப்பக்கம் ஓடின. பாதிப் பெட்டி காலியான பிறகுதான் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் பின்பக்க ரிங்கைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒரு ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான். முதலில் தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்கிறேன். குழல் முனை மண்ணில் பட்டிருந்தால் போல்ட்டை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கமிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பார்ப்பேன். அடைப்போடு சுட்டால் குழலே வெடித்துவிடலாம். விழுந்த துப்பாக்கியில் சேஃப்டியும் டிரிகரும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதையும் காலியாக வைத்தே சோதிக்க வேண்டும்.

அடுத்தது ஸ்க்ரூக்கள். ரிங், ரிங்குக்கு அடியிலுள்ள பேஸ், பிறகு ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூ. இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாமல் இறுக்காதீர்கள். என் ரிங்குக்குச் சொல்லப்பட்ட அளவு 18 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர். உங்களுடையதற்கு அதன் கையேட்டில் உள்ள அளவே கணக்கு. பலமாக முறுக்கினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஸ்கோப் குழாயை நசுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது, டர்ரெட்டைத் தொடாமல், அதே தோட்டாவால், மணல் மூட்டையில் தாங்கி ஐந்து முறை சுடுங்கள். மூன்று போதாது; என் கை நடுக்கமே மூன்று தோட்டாவில் 'நகர்ந்துவிட்டது' போலக் காட்டியிருக்கிறது. குழல் ஆறட்டும், இன்னொரு ஐந்து. இரண்டு குரூப்பும் (ஐந்து தோட்டாத் துளைகளின் கூட்டம்) ஒரே இடத்தில் விழுந்தால் ஜீரோ, அதாவது குறியும் தோட்டாவும் ஒன்றுசேரும் அமைப்பு, நகர்ந்து அங்கேயே நின்றுவிட்டது என்று பொருள். அப்போதுதான் டர்ரெட்டுக்கு வேலை. கால் எம்ஓஏ (எம்ஓஏ, மில் இரண்டும் கோண அளவுகள்) ஸ்கோப்பில் டர்ரெட்டின் ஒரு கிளிக் 100 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். குரூப்பின் நடு 42 மில்லிமீட்டர் இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் ஆறு கிளிக். 0.1 மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் 10 மில்லிமீட்டர், ஆகவே நாலு. 50 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு நகர்வது இதில் பாதிதான்.

குரூப் ஒவ்வொரு முறையும் வேறு இடம் போனால், ஸ்க்ரூக்களும் இறுக்கமாக இருந்தால், ஸ்கோப்பின் உள்ளேதான் சந்தேகம். ரெட்டிகிள் (குறிக்கோடுகள்) இருக்கும் உள்குழாயை ஒரு ஸ்பிரிங்தான் டர்ரெட் ஸ்க்ரூக்களோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறது; இடியில் அது பழுதாகலாம். ஒரே புள்ளியைக் குறிவைத்து ஒரு குரூப் சுட்டு, மேலே 20 கிளிக், வலம் 20, கீழே 20, இடம் 20 என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுடுங்கள். கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழ வேண்டும். விழாவிட்டால், நன்றாக வேலை செய்யும் வேறொரு ஸ்கோப்பை இதே ரைஃபிளில் பூட்டிப் பாருங்கள். அதிலும் சிதறினால் பழி ஸ்கோப்பின் மேல் இல்லை. ஸ்கோப்தான் என்று உறுதியானால் பழுதுபார்க்க அனுப்பிவிடுங்கள், நீங்களாகப் பிரித்தால் உள்ளேயிருக்கும் நைட்ரஜன் போய் கண்ணாடி பனிபடர ஆரம்பிக்கும்.

எல்லாம் சரியானதும் டர்ரெட்டின் எண் வளையத்தைத் தளர்த்தி 0-க்குக் கொண்டுவந்து பூட்டுவேன். பிறகு ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையிலிருந்தும் ரிங் மேல்வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு. கடையில் சிவப்புதான் கிடைத்தது, நண்பர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை இடித்தபோது முன் ரிங்கில் அந்தக் கோடு இரண்டாகப் பிரிந்திருந்ததைப் பார்த்து ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் காரணத்தைக் கண்டுபிடித்தேன்.