முட்டை ஓட்டில் பயோடீசல் வினையூக்கி: சுட்ட பிறகுதான் சொதப்புகிறீர்கள்

எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்துப் பயோடீசலாக்கும் வினையை வேகப்படுத்தும் வினையூக்கியை முட்டை ஓட்டிலிருந்தே செய்யலாம் என்பதால், ப்ராஜெக்ட் சீசன் வந்தால் நாமக்கல், ஈரோடு பக்கத்து பேக்கரிகளில் முட்டை ஓட்டுக்குத் திடீர் கிராக்கி. மூட்டையோடு வரும் பிள்ளைகள், முன்னால் நாங்கள் அடித்த அதே கூத்தை வரிசை தவறாமல் அடிக்கிறார்கள். கழுவு, உள்தோலை உரி, காயவை, அரை, சலி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

சுட்ட தூளைத் திறந்து போடுவது

ஓட்டில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். 900 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுட்டால் கரியமில வாயு போய் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும், நமக்கு வேண்டிய வினையூக்கி அதுதான். இதுவரை எல்லாரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். அப்புறம் சாயங்காலம் க்ரூசிபிளை, அதாவது சுட்ட கிண்ணத்தை, மேஜை மேல் வைத்துவிட்டு, ஆறட்டும் என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆக்சைடு சும்மா இருக்குமா? காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து ஹைட்ராக்சைடாகும், கரியமில வாயுவை இழுத்து மேலெல்லாம் பழையபடி கார்பனேட் பூக்கும். அதிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆடி மாதத்தில் பொள்ளாச்சி, கோவைப் பக்கம் கேட்கவே வேண்டாம். சுண்ணாம்புக் காளவாயில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள், வெந்த கல்லை வெளியே போட்டால் தானாகவே பொரிந்து மாவாகிவிடும் என்பார்கள்.

எரிச்சல் எங்கே என்றால், மறுநாள் அந்தத் தூளில் பினாப்தலீன் (காரம் இருந்தால் பிங்க் ஆகும் திரவம்) விட்டுவிட்டு "பிங்க் வந்துருச்சுங்க சார்" என்று சந்தோஷமாக வந்து நிற்பார்கள். ஹைட்ராக்சைடுக்கும் பிங்க் வரும், தம்பி! வினை நகரவில்லை என்றதும் மெத்தனாலைக் கூட்டி, நேரத்தைக் கூட்டி, எண்ணெயை லிட்டர் லிட்டராக வீணாக்கி, கடைசியில் 'முட்டை ஓடு இதற்கு ஏற்றதல்ல' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். பாவம், ஓடு என்ன செய்யும்?

தராசை நம்புங்கள். சுத்தமான கார்பனேட் 100 கிராம் சுட்டால் 56 கிராம்தான் நிற்கும், எடை அதைவிட ரொம்பக் கூடுதலாக இருந்தால் ஓடு வேகவில்லை. உலை 200 டிகிரிக்கு இறங்கியதும் இடுக்கியால் எடுத்து நேரே டெசிக்கேட்டருக்குள் (ஈரம் அண்டாத மூடிய ஜாடி) வையுங்கள். அதற்குள் ஈரத்தை உறிஞ்ச இருக்கும் நீல சிலிக்கா ஜெல் பிங்க் ஆகியிருந்தால் அதுவும் செத்துவிட்டது என்று அர்த்தம், இங்கேயும் பிங்க் நல்ல சேதி இல்லை. பயன்படுத்தும் முன் மறுபடி எடை போடுங்கள். அந்த 56 கிராம் முழுக்க ஹைட்ராக்சைடானால் 74 ஆகிவிடும். ஈரம் மட்டும் ஏறியிருந்தால் 600 டிகிரியே போதும், கார்பனேட் பூத்திருந்தால் மறுபடி 900தான்.

வாழைச் சாம்பல்

முட்டை ஓட்டுக்குப் பதில் சிலர் இதை வினையூக்கியாகப் போடுகிறார்கள்; கோபி, சத்தி பக்கம் வாழைமட்டைக்குப் பஞ்சமில்லை. சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் நிறைய இருப்பதால் முதல் தடவை ஜோராக ஓடும். உடனே 'திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்' என்று எழுதிவிடாதீர்கள், பொட்டாசியம் மெத்தனாலில் கரைந்து இறங்குகிறது. பாதி வினையில் சூட்டோடு வடிகட்டித் தூளை எடுத்துவிட்டு மீதியை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வினை தொடர்ந்தால், வேலை செய்தது கரைந்துபோன பொட்டாசியம்தான்.

அமில எண் பார்க்காமல் புங்க எண்ணெய் ஊற்றுவது

அமில எண் என்பது எண்ணெயில் தனியாகக் கிடக்கும் கொழுப்பு அமிலத்தின் அளவு. அது கூடுதலாக இருந்தால் பயோடீசல் வராது, சோப்புதான் கிடைக்கும்.

மெத்தனால்

65 டிகிரியில் கொதித்துவிடும், ஆவியைக் குளிர்வித்துத் திருப்பி விடும் கண்டென்சர் இல்லாமல் சூடேற்றாதீர்கள். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது.

அவசரப்பட்டு ஜிசி (கேஸ் குரோமட்டோகிராபி) சோதனைக்குக் காசு கட்டி அனுப்புவது

கழுவிக் காயவைத்த பயோடீசலில் 3 மில்லியை 27 மில்லி மெத்தனாலில் விட்டுக் குலுக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை, காசு மிச்சம்.