சுகர் கட்டுக்குள் இருந்தால் போதுமா? ரத்தக்குழாய் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா சொன்னார்: "மாதவிலக்கு நின்னு மூணு வருசம் ஆச்சு. முன்ன மாதிரி தண்ணிக்குள்ள நிக்க முடியல, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. சுகர் கட்டுக்குள்ளதான் இருக்கு, வயசாச்சுல்ல."

'வயசாச்சுல்ல' என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பயம். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக்குழாயின் உள்சுவரை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க வைக்கும். அதனால் குழாய் இறுகாமல் தளர்ந்து கொடுக்கும். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதற்கு இது ஒரு காரணம். சர்க்கரை நோய் அந்தப் பாதுகாப்பைப் பெருமளவு முன்கூட்டியே பறித்துவிடும். மாதவிலக்கு நின்றதும் மிச்சமும் போய், கெட்ட கொலஸ்ட்ராலும் பிரஷரும் ஏறத் தொடங்கும். அதோடு சர்க்கரை நோயில் நரம்பும் மரத்திருந்தால், மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். மூச்சுத் திணறல், தாடை அல்லது முதுகில் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று வந்தால் அன்றைக்கே ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

சரி, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டால் இதயம் தப்பிக்குமா என்றால், அதுவும் தவறு. அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் வகையும் சேர்ந்த மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் கூடத்தான் செய்தன. மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் உடம்பு தகிப்பதற்கு ஹார்மோன் சிகிச்சை எடுப்பது வேறு விஷயம், அதை டாக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

அடுத்து, "இன்சுலின் போட்டா கிட்னி போயிரும்" என்ற பேச்சு. இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான், ரத்தக்குழாயைத் தளர்த்துவதும் அதன் வேலைகளில் ஒன்று. கிட்னியைக் கெடுப்பது வருடக்கணக்காக ஏறிக் கிடக்கும் சுகரும் பிரஷரும். ஊசிக்குப் பயந்து அதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் குழாய்க்குத்தான் நஷ்டம்.

ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் விடிந்து கரைக்கு வந்து சுகர் பார்ப்பார்கள். "ஒண்ணுமே சாப்பிடல, எப்படி ஏறுச்சு?" என்பார்கள். தூக்கம் கெட்டு, உடம்பு விறைப்பாகவே இருக்கும்போது கார்ட்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கூடும். அவை ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும், பிரஷரையும் ஏற்றும். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் தாங்களாகவே சுகர் மாத்திரையை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறார்கள். நடுக்கடலில் சுகர் இறங்கி மயங்கினால் யார் பார்ப்பது? என்ன நேரத்துக்குப் படகேறுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கேற்ப மருந்தை மாற்றித் தருவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களுக்கு உழைப்பும் தூக்கமும் மொத்தமாக மாறிவிடும். அப்போதும் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் உப்பையும் தண்ணீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். சர்க்கரை நோயில் அதன் ஆட்டம் கூடுதலாக இருந்தால் குழாய் விறைத்துப் போகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவு. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் ஒரே வேளையில் சேர்ந்தால் அது எங்கே நிற்கும்? கருவாட்டை நன்றாக ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். உப்பு கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. அப்புறம், "பிரஷர் நார்மலா இருக்கே" என்று ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகளைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அவை ஆல்டோஸ்டீரோனைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் வரிசையைத் தடுத்து, சிறுநீரில் புரதம் போவதைக் குறைப்பவை.

மூட்டுவலிக்கும் வீசிங்குக்கும் போடும் ஸ்டீராய்டும் கார்ட்டிசால் வகைதான். சுகர் இருப்பதை ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஆண்கள் வெளியே சொல்லாத ஒன்று. ஆணுறுப்பின் விறைப்பு குறைவது டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவாலும் வரும், ரத்தக்குழாய் கெடுவதாலும் வரும். ஆணுறுப்பின் குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது, அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். மெடிக்கலில் கேட்டு ரகசியமாக விறைப்புக்கான மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் பிரஷர் தரைமட்டத்துக்கு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.