ஓலைக் காற்றாடி, நொங்கு வண்டி, சிரட்டைக் கால்: சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும்போது வரும் தவறுகள்

சித்திரை, வைகாசி மாதங்களில் குமரி மாவட்டத்தின் மேற்கே, மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளை பக்கம் கொடை எனப்படும் கோயில் திருவிழாவும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தே வரும். சொந்தபந்தப் பிள்ளைகளெல்லாம் ஒரு வீட்டில் கூடிவிட்டால் முற்றத்திலேயே விளையாட்டுத் திருவிழா நடத்திவிடலாம். ஓலை, சிரட்டை, கமுகம்பாளை, நொங்கு எல்லாம் விளையிலேயே, அதாவது வீட்டுத் தோட்டத்திலேயே கிடைக்கும். ஆனால் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் செய்யும்போது பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கொடைக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் செய்து அடுக்கி வைத்துவிடுகிறார்கள். ஓலையும் காயும் பறித்த நேரத்திலிருந்தே மாறத் தொடங்கும். காலையில் சுழன்ற காற்றாடி மறுநாள் சுருண்டு கிடக்கும். எதை அன்றைக்கே செய்ய வேண்டும், எதை முன்கூட்டிச் செய்யலாம் என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஓலைக் காற்றாடியில் முதல் தவறு ஓலையைத் தேர்ந்தெடுப்பதில். குருத்தோலை பார்க்க அழகு, மடிக்கவும் எளிது. ஆனால் அதற்கு விறைப்பு இல்லை. காற்றாடியின் கையை, அதாவது இறகைத் திருகி விட்டால் திரும்பவும் தொய்ந்துவிடும். பழுத்த ஓலையோ மடிக்கிற இடத்திலேயே வெடிக்கும். முற்றிய பச்சை ஓலைதான் சரி. காலையில் வெட்டி, நிழலில் ஒரு மணி நேரம் வாட விட்டால் வெடிக்காமல் மடியும்.

ஈர்க்கிலை உரித்துவிட்டு, 2 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கீற்று எடுங்கள். நான்கையும் நடுவில் மடிக்க வேண்டும். முதல் கீற்றை இரண்டாவது கவ்வும், இரண்டாவதை மூன்றாவது, மூன்றாவதை நான்காவது. கடைசியில் நான்காவதன் இரண்டு நுனியும் முதல் கீற்றின் மடிப்பு வளையத்துக்குள் நுழைய வேண்டும். நான்கு கையையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இழுத்தால் நடுவில் ஒரு சதுரம் இறுகும். ஒரே கையைப் பிடித்து ஒரேயடியாக இழுத்தால் சதுரம் கோணும். கோணிய காற்றாடி தள்ளாடித்தான் சுற்றும்.

பலரும் இதோடு நிறுத்திவிட்டு, "சுத்தவே மாட்டேங்குதே" என்பார்கள். தட்டையாக இருக்கும் கையில் காற்று மோதினாலும் தள்ளாது. நான்கு கையையும் ஒரே பக்கமாக லேசாகத் திருகிவிட வேண்டும். இரண்டு வலப்பக்கம், இரண்டு இடப்பக்கம் என்று திருகிவிட்டால் ஒன்றின் தள்ளலை மற்றொன்று அடித்துவிடும். எவ்வளவு ஓடினாலும் அசையாது.

அடுத்தது துளை. சாக்கு தைக்கும் ஊசியால் சதுரத்தின் நடுவில் துளை போட்டு, ஊசியை நாலைந்து முறை சுழற்றி அகலப்படுத்துங்கள். ஈர்க்கிலைச் செருகி நிமிர்த்தினால் காற்றாடி தானாக வழுகி இறங்க வேண்டும். அதுதான் அளவு. ஈர்க்கில் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பதால், மெலிந்த முனையை முன்பக்கமிருந்து நுழைத்து, தடித்த முனையில் நூலை ஆறேழு சுற்று சுற்றிக் குமிழாக்கினால் காற்றாடி கழன்று விழாது. பின்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்குக் காகிதக் குழல் ஒன்றைக் கோத்துவிட்டுக் கைப்பிடியில் கட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றாடி கைப்பிடியில் உரசி நிற்கும். பெரிய பிள்ளைகள் உடைமுள்ளில் குத்திக்கொண்டு ஓடுவது தெற்கத்தி வழக்கம்தான். ஆறு வயதுக்குக் கீழே முள் வேண்டாம், ஓடுகிற பிள்ளை விழும்போது முள் முகத்துக்கு நேராகத்தான் இருக்கும். கைப்பிடியும் ஒரு சாணுக்கு மேல் நீள வேண்டியதில்லை.

நொங்கு வண்டியில் இதற்கு நேர் எதிர். காற்றாடியில் துளை தளர்வாக இருக்க வேண்டும். இங்கே இறுக்கமாக இருக்க வேண்டும். நொங்கு வண்டியில் சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழல்கின்றன. கவட்டைக் கம்புதான் அச்சின்மேல் வழுக்கிப் போகிறது. ஆகவே அச்சுக் கம்பைக் கட்டைவிரல் கனத்தில், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, இரண்டு முனையையும் சீவி, கண்களுக்கு நடுவிலுள்ள நார்ப்பகுதியில் இறுக்கி அடியுங்கள். நடுப்பகுதியின் பட்டையை உரித்து வழுவழுப்பாக்க மறந்தால் கவட்டை சிக்கி, வண்டி இழுபடுமே தவிர உருளாது. இரண்டு சக்கரமும் ஒரே அளவு காயாக இருக்கட்டும். ஒன்று பெரிதானால் வண்டி சிறிய சக்கரத்தின் பக்கமாக வளைந்துகொண்டே போகும். பிள்ளை கம்பைத்தான் குறை சொல்லும்.

கொய்யாக் கிளையில் நல்ல கவட்டை கிடைக்கும். பிள்ளையின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே வரும் நீளம் போதும். ஐந்து வயதுக்கு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். பின்முனை நெஞ்சில் குத்தாதபடி துணி சுற்றிக் கட்டுங்கள். வண்டியை முந்தின நாளே செய்து வைக்கக் கூடாது. கூந்தல் (நொங்கு தின்றபின் மிஞ்சும் காய்) காய்ந்து சுருங்கும், துளை தளரும், சக்கரம் ஆடும், ஈ வேறு மொய்க்கும். மதியம் நொங்கு தின்றால் மாலை நாலு மணிக்கு வண்டி ஓட வேண்டும்.

சிரட்டைக் காலை மட்டும் ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம். முற்றிய தேங்காயின் சிரட்டைதான் வேண்டும். இளங்காயின் ஓடு மிதித்ததும் பிளக்கும். ரப்பர் மரத்தில் பால் வடித்த பழைய சிரட்டை சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள், நாற்றமும் பிசுபிசுப்பும் போகவே போகாது. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே ஒட்டிய தேங்காயைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காய வையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஏறும். கண் உள்ள பாதியில் மூன்றில் ஒரு கண்தான் மெத்தென்று இருக்கும். அதைக் குத்தினால் துளை தயார். கயிற்றை அதில் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டு, சிரட்டையைக் கவிழ்த்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் கயிறு வரும்படி மிதிக்க வேண்டும்.

இதில் பெரியவர்கள் செய்யும் தவறு கயிற்றைத் தங்கள் உயரத்துக்கு வெட்டுவது. கயிறு நீளமானால் பிள்ளையால் சிரட்டையைக் காலோடு சேர்த்து இழுத்துப் பிடிக்க முடியாது. கால் தூக்கியதும் சிரட்டை சரிந்து கணுக்கால் மடங்கும். பிள்ளையை நிற்க வைத்து, தொங்கவிட்ட கை வரை அளந்து, முடிச்சுக்கும் பிடிக்கும் ஒரு சாண் சேருங்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம், வழுக்கும். மண் முற்றத்தில் வெறுங்காலோடுதான். நான்கு வயதுக்குக் கீழே இதைக் கொடுக்கவே வேண்டாம்.

கமுகம்பாளை வண்டிக்கு அன்று விழுந்த பாளை வேண்டும். காய்ந்ததென்றால் அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள், காய்ந்த பாளையின் ஓரம் பிளந்து தொடையைக் கிழிக்கும். மணலிலோ புல்லிலோ மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிள்ளை பின்பக்கம் சாய்ந்து தலையில் அடிபடும்.

உறியடியைச் சின்னப் பிள்ளைகளுக்கு அப்படியே வைக்கக் கூடாது. மண்பானைக்குப் பதிலாகக் காகிதப் பானை செய்யுங்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து, கவிழ்த்த பாத்திரத்தின்மேல் மைதாப் பசையால் இரண்டு அடுக்கு ஒட்டினால் போதும். ஐந்தாறு அடுக்கு ஒட்டினால் பெரியவர் அடித்தாலும் உடையாது. பாத்திரத்தில் முதலில் எண்ணெய் தடவ மறக்க வேண்டாம். ஒரு கப் மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து கப் தண்ணீர் வரும்படி ஊற்றி, கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கத் துரிசு (மயில்துத்தம்) போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது. கண்ணைக் கட்டாமலே அடிக்க விடுங்கள். கம்பு போய்வருகிற தூரத்துக்கு வெளியே சுண்ணாம்பில் அல்ல, கோலமாவில் ஒரு வட்டம் போட்டு, மற்றப் பிள்ளைகளை அதற்கு அப்பால் உட்கார வையுங்கள்.

சுண்ணாம்பு என்றதும் இன்னொன்று. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்று சாயத்துக்காகப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் கருவிழியே வெந்துபோகும். சிவப்புக்குப் பீட்ரூட் சாறு இருக்கிறது.

பொம்மைக்குக் கண் வைக்கக் குன்றிமணி எடுக்காதீர்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டுள்ள அந்த விதையைக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பான மஞ்சாடி வேறு. ஆனால் அதையும் புளியங்கொட்டையையும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளிடம் விடக் கூடாது, மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். மாலை கட்டும் விளையாட்டுக்கு அரளி வேண்டாம். பூவும் இலையும் காயும் நஞ்சுதான். 2024 மே மாதம், கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டே நைவேத்தியத்தில் அரளிப்பூ சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. செம்பருத்தி, தெற்றிப்பூ (இட்லிப்பூ) போதும். பிலாவிலை (பலா இலை) தொப்பிக்கு ஈர்க்கில் குத்தும்போது முனைகள் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே நீட்டினால் நெற்றியைக் கீறும். இலைக்காம்பின் பால் முடியில் ஒட்டினால் தேங்காயெண்ணெய் தடவி எடுக்கலாம்.

பரிசாக வாங்கும் மின்னுகிற பொம்மைகளில் பட்டன் பேட்டரியின் மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாகிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் முற்றத்தைப் பெருக்கி ஈர்க்கில் துண்டுகளைப் பொறுக்குங்கள். சிரட்டையையும் பாளையையும் கவிழ்த்து வையுங்கள். அன்றிரவே கோடை மழை பெய்தால் அதில் நிற்கும் தண்ணீரில்தான் கொசு முட்டையிடும்.