மாருதி 800 காரின் என்ஜினை வீட்டிலேயே இறக்கும் முறை

செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விழும் மாதங்களில் காரின் அடிப்பாகம் முழுதாகக் காய்வதே இல்லை. ஆகவே இங்கே என்ஜினை இறக்கும் வேலையில், தூக்குவதைவிடத் துருவேறிய நட்டுகளைச் சேதமின்றிக் கழற்றுவதற்கே அதிக நேரமும் பொறுமையும் தேவைப்படுகின்றன. முதன்முறையாக இவ்வேலையில் இறங்குபவர்களுக்காக, ஏ.சி. இல்லாத பழைய கார்புரேட்டர் வகை மாருதி 800 காரை முன்வைத்து இதை எழுதுகிறேன். மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் கொண்ட அந்தச் சிறிய என்ஜின் குறுக்குவாட்டில் அமைந்து, கியர் பாக்ஸோடு இணைந்திருப்பதால், இரண்டையும் சேர்த்தே மேல்வழியாக எடுத்துவிடலாம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன், என்ஜினில் பொறித்துள்ள எண்ணின் மேலுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு, அதை ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பகுதியில் கேரளப் பதிவெண் கொண்ட பழைய கார்கள் கைமாறி வருவது வழக்கம் என்பதால், இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். அதே என்ஜினைப் பழுதுபார்த்துத் திரும்ப வைப்பதற்கு அனுமதி வேண்டியதில்லை. வேறு என்ஜின் வைப்பதானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

அடுத்து, எதில் தொங்கவிட்டுத் தூக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். போர்டிகோ கூரையிலுள்ள மின்விசிறிக் கொக்கியோ தகரக் கொட்டகையின் குழாயோ இதற்கு உதவாது. கிணற்று மோட்டாரை ஏற்றி இறக்கப் பயன்படும் இரும்பு முக்காலியும் சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் ஒரு டன் செயின் பிளாக்கும் வாடகைக்குக் கிடைத்தால் அவையே போதும். காரின் அகலம் ஒன்றரை மீட்டருக்குள்தான் என்பதால், முன்சக்கரங்களின் இருபுறமும் இரண்டு கால்களையும் பம்பருக்கு முன்னால் மூன்றாவது காலையும் ஊன்றினால், என்ஜின் மேலே வந்ததும் காரைப் பின்னால் தள்ளிவிடலாம். சுமை தொங்கும்போது முக்காலியை நகர்த்தவே கூடாது. நனைந்த செம்மண்ணில் கால் புதையும் என்பதால் ஒவ்வொரு காலுக்கடியிலும் கெட்டிப் பலகை வைத்து, கால்கள் விரியாதபடி மூன்றையும் சங்கிலியால் பிணைத்துவிடுங்கள்.

முதல் நாள் மாலையே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சைலன்சர் குழாய், என்ஜினின் புகை வெளியேறும் மேனிஃபோல்டோடு சேரும் இடத்து நட்டுகள், என்ஜினைக் காரோடு பிணைக்கும் மவுண்டிங் போல்ட்டுகள், சக்கரத்தின் கீழ்ப்பகுதியைக் காரோடு இணைக்கும் பால் ஜாயின்ட் போல்ட்டுகள் ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் ஆறு முனை சாக்கெட்டைப் போட்டு, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைத்து, பிறகு இளக்குங்கள். அரைச் சுற்று வந்ததும் மறுபடி எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாகத் திருப்புவது, ஒரே மூச்சில் முறுக்கி, நட்டு ஏறியிருக்கும் ஸ்டட்டை உடைப்பதைவிட எவ்வளவோ மேல். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால், கேஸ் நெருப்பால் சூடேற்றி இளக்கும் வழியை வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

இப்போது காரைச் சமதளத்தில் நிறுத்தி, பேட்டரியின் நெகடிவ் முனையை முதலிலும் பாசிடிவ் முனையை அடுத்தும் கழற்றி, பேட்டரியை வெளியே எடுங்கள். போனட்டின் கீல்களைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, இருவர் பிடித்து அகற்றுங்கள். என்ஜின் நன்கு ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டை வடிக்க வேண்டும். கூலன்ட் நஞ்சு, அதன் இனிப்புச் சுவையால் நாயோ ஆடு மாடோ நக்கிவிடக்கூடும் என்பதால், உடனே மூடியுள்ள கேனில் ஊற்றிவிடுங்கள். என்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் தனித்தனியே வடித்து, வாய்க்காலில் கொட்டாமல், பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

ரேடியேட்டரையும் ஃபேனையும் வெளியே எடுத்துவிட்டால் கைக்கு இடமும் கிடைக்கும், தூக்கும்போது ரேடியேட்டர் குத்துப்படாமலும் இருக்கும். பிறகு பெட்ரோல் ஹோஸ்களைக் கழற்றி, வாயை ஒரு போல்ட்டால் அடைத்து, கிளிப் போட்டு இறுக்குங்கள். ஆக்சிலரேட்டர், சோக், கிளட்ச், ஸ்பீடாமீட்டர் கேபிள்கள், ஹீட்டர் ஹோஸ், வேக்குவம் குழாய்கள், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் வயர்கள், ஆயில் பிரஷர் சுவிட்ச், ரிவர்ஸ் விளக்கு வயர், எர்த் வயர் என ஒவ்வொன்றையும் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்து, இரு முனைகளிலும் ஒரே எண்ணை டேப்பில் எழுதி ஒட்டுங்கள். கழற்றிய போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய பைகளில் போட்டு வைப்பதில் சோம்பல் கூடாது.

அடிப்பகுதி வேலைக்குக் காரின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, காரைத் தாங்கும் இரும்புக் கால்களான ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியையோ செங்கல் அடுக்கையோ நம்பி யாரும் காருக்கடியில் நுழையக் கூடாது. சைலன்சர் குழாயையும் கியர் ராடுகளையும் பிரித்த பின், இருபுறமும் பால் ஜாயின்ட்டை விடுவித்துச் சக்கரம் பொருந்தும் ஹப்பை வெளியே சாய்த்தால், கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்முனையைக் கடப்பாரை போன்ற சிறு லீவரால் நெம்பி கியர் பாக்ஸிலிருந்து எடுக்கலாம். வெளிமுனை ஹப்பிலேயே இருக்கட்டும். உள்முனையைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவையுங்கள். காரைத் திரும்பச் சக்கரத்தில் இறக்குமுன் பால் ஜாயின்ட்டுகளை மறுபடி பூட்டியாக வேண்டும்; இல்லையேல் காரைத் தள்ளும்போது சக்கரம் நிலைகுலைந்துவிடும்.

சங்கிலியை என்ஜினிலுள்ள தூக்குக் கொக்கிகளில் மட்டுமே மாட்டுங்கள். ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டும் கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குள் போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டும் இந்தப் பாரத்தைத் தாங்குவதற்கானவை அல்ல. செயின் பிளாக் எடையை ஏற்றுக்கொண்டு சங்கிலி விறைப்பான பிறகே மவுண்டிங் போல்ட்டுகளை உருவ வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தூக்கியதும் நிறுத்தி, விடுபட்ட வயரோ ஹோஸோ இழுபடுகிறதா என்று விளக்கடித்துச் சுற்றிலும் பாருங்கள். ஒருவர் சங்கிலியை இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று, கியர் பாக்ஸ் பக்கம் சற்றுத் தாழும்படி சாய்த்துக் கொடுத்தால் என்ஜின் இடிபடாமல் மேலே வரும். தொங்கும் என்ஜினுக்கடியில் கையோ காலோ போகவே கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கமே விட வேண்டாம்.

பம்பரைத் தாண்டும் உயரம் வந்ததும், காரை மெல்லப் பின்னால் தள்ளிச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, என்ஜினைப் பழைய டயரின் மேல் இறக்குங்கள். அது ஒரு பக்கமாகச் சாயாதபடி மரக்கட்டைகளால் அணை கொடுத்த பின்னரே சங்கிலியைக் கழற்ற வேண்டும். கார்புரேட்டர் வாய், சைலன்சர் துளை, கியர் பாக்ஸில் ஷாஃப்ட் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் சுத்தமான துணியால் அடையுங்கள். சாரல் நாட்களில் வேலை சில வாரம் நீளுமானால், ஸ்பார்க் பிளக் துளைகள் வழியாகச் சிலிண்டருக்குள் சிறிது என்ஜின் ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் போட்டு, முழுவதையும் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.