வெளிச்சமான ஹாலில் மங்கிய புது டிவி

மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல், அதனால் பகல் வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கும் என்று 65 அங்குல மினி எல்இடி (திரைக்குப் பின்னால் நிறைய குட்டி விளக்குகள் கொண்ட) டிவி வாங்கினோம். இரவில் குறை தெரியவில்லை, மதியம் படம் மங்கல். படத்தைப் பளிச்சென்று காட்டும் விவிட் மோடு போட்டும் பயனில்லை. பிரைட்னஸை ஏற்றினால் கருப்பு சாம்பலாகிப் படம் வெளிறியதுதான் மிச்சம் (பல டிவிகளில் ஒளியைக் கூட்டுவது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் உள்ள விளக்குக்கான அமைப்பு, பிரைட்னஸ் அல்ல). சர்வீஸுக்கு வந்தவர் "பேனலே இப்படித்தான் சார்" என்று போய்விட்டார்.

துப்பு கொடுத்தது ரிமோட். கையைத் தூக்கிப் பிடித்தால்தான் வேலை செய்தது. கீழ் விளிம்பில் ரிமோட் சிக்னல் வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரும் இருக்கிறது, இரண்டையும் டிவிக்கு முன்னால் வைத்திருந்த சவுண்ட்பார் (நீளமான ஸ்பீக்கர்) மறைத்திருந்ததால், அறை இருட்டு என்று எண்ணி டிவியே ஒளியைக் குறைத்துக்கொண்டிருந்தது! சவுண்ட்பாரைக் கீழ்த்தட்டுக்கு இறக்கியதும் சரியாகிவிட்டது. இடமில்லாதவர்கள் மின்சேமிப்பு அமைப்பில் அந்த சென்சாரை அணைத்துவிடலாம்.