முதிய சிறு நாயும் சோபாவும்: ஏற்றி இறக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதான சிறு நாய் சோபாவிலோ கட்டிலிலோ ஏறத் திணறும்போதுதான் வீட்டார் அதைக் கவனிக்கிறார்கள். ஏறத் திணறுவதைவிட அஞ்ச வேண்டியது அது இறங்குவதை. நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. மேலிருந்து குதிக்கையில் உடலின் வேகம் முழுவதும் அந்த இரண்டு மெல்லிய கால்களிலும் தோள் மூட்டுகளிலும் கழுத்திலும் விழுந்து, அங்கிருந்து முதுகெலும்புக்கும் பரவுகிறது. ஆகவே, ஏறுவதற்குக் கைகொடுத்துவிட்டு இறங்குவதை நாயின் பாட்டுக்கு விட்டுவிடுவதையே முதல் தவறாகச் சொல்ல வேண்டும். தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்போம். வாசலில் காய்கறி வண்டிக்காரர் குரல் கொடுத்ததும் அது பாய்ந்து ஓடிவிடும்.

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தச் சிக்கலைக் கடுமையாக்குவது தரை. சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் பளபளக்கும் டைல்ஸோ கிரானைட்டோ பதித்திருக்கிறார்கள். மே மாத வெயிலில் அது நமக்கும் நாய்க்கும் குளிர்ச்சிதான். ஆனால் குதித்து இறங்கும் நாய்க்கு அதில் பிடிப்பே கிடைப்பதில்லை: முன்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிய, பின்கால்கள் ஒரு பக்கமாக வழுக்க, அந்த ஒரு நொடியில் இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. இதற்காகச் சோபாவின் முன்னால் துணிக் கால்மிதியைப் போடுபவர்கள் ஆபத்தைக் கூட்டவே செய்கிறார்கள். வந்தவாசிக் கோரைப்பாய் நாம் படுத்துறங்க அருமையானது. அதை டைல்ஸின்மேல் விரித்து நாயைக் குதிக்கவிட்டால் பாயும் நாயும் சேர்ந்தே நழுவும். அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்போ, யோகா பயிற்சிக்கு விற்கும் தடித்த விரிப்போதான் இதற்கு ஏற்றது. விரிப்பின்மேல் நம் பாதத்தை ஊன்றி முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும்போது அது அசைந்தால் பயன்படாது. சோபாவின் முன்னால் மட்டும் போட்டு நிறுத்திவிடாமல், நாய் இறங்கியவுடன் எங்கே ஓடுமோ, அதாவது வாசலுக்கோ தண்ணீர்க் கிண்ணத்துக்கோ செல்லும் வழியிலும் விரிக்க வேண்டும். தரையைத் துடைத்த ஈரம் காயும்வரை நாயைக் கீழே விடாதிருப்பதும் நல்லது.

தரையைச் சரிசெய்தவர்களும் பாதத்தை மறந்துவிடுகிறார்கள். பொமரேனியன், ஷி சூ, லாசா ஆப்சோ போன்ற முடி மிகுந்த நாய்களைத் திருப்பிப் படுக்கவைத்துப் பாதத்தைப் பார்த்தால், கறுத்த மெத்தைப் பகுதியே தெரியாத அளவுக்கு விரலிடுக்கில் முடி வளர்ந்திருக்கும். அந்த முடியோடு டைல்ஸில் நடப்பது, சாக்ஸ் போட்டுக்கொண்டு நாம் நடப்பதைப் போன்றது. மெத்தைப் பகுதியின் மட்டத்துக்கு முடியைக் கத்தரித்துவிட வேண்டும். நடக்கும்போது 'டக் டக்' என்ற ஒலி கேட்டால் நகமும் நீண்டுவிட்டது என்று பொருள்.

அடுத்த தவறு, நாயின் தயக்கத்தைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்வது. முன்கால் இரண்டையும் சோபாவின் விளிம்பில் வைத்து, நம்மைத் திரும்பிப் பார்த்து, உதட்டை நக்கிவிட்டுக் காலை எடுத்துக்கொள்ளும் நாயைப் பார்த்து, "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். வயது நோயன்று, வயதோடு வரும் மூட்டு வலி, பொமரேனியன் போன்ற சிறு இனங்களில் அடிக்கடி காணும் முழங்கால் சில்லு விலகல், கண்புரை ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. டாக்ஸண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கால்களைக் குட்டையாக்கும் மரபணு மாற்றங்களுள் ஒன்றே முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளை இளமையிலேயே இறுகச்செய்கிறது என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2017-இல் கண்டறிந்தனர். இறுகிய தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவதற்குப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை.

கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் ஸ்டூலைச் சோபாவின் அருகே இழுத்துப் போட்டுப் படியாக்குவது நம் வீடுகளில் மிகவும் வழக்கமான தவறு. ஏறும்போது அது நிற்கலாம்; இறங்கும் வேகத்தில் சரிந்துவிடும். ஒருமுறை சரிந்த படியை நாய் மறுபடி நம்பாது. முதுகு நீண்ட நாய்களுக்குப் படியைவிடச் சாய்தளமே மேல். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அளவைச் சொன்னால் தெருமுனை ஆசாரியே பிளைவுட்டில் செய்து தருவார். உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஒன்றரை அடி உயரச் சோபாவுக்கு நாலரை அடி, மெத்தையோடு இரண்டடி உயரக் கட்டிலுக்கு ஆறடி. இவ்வளவு நீளம் கூடத்தை அடைக்கிறது என்று இரண்டடியில் முடித்துக்கொள்பவர்கள் சாய்தளம் செய்யவில்லை, சறுக்குமரம் செய்திருக்கிறார்கள். அகலம் ஓரடிக்குக் குறையாமல், இரு பக்கமும் இரண்டு அங்குல விளிம்புச் சட்டம் வைத்து, மேலே ரப்பர் விரிப்பை ஒட்டி, அடிப்பகுதி தரையில் நழுவாதபடி ரப்பர் துண்டும் வைக்க வேண்டும். பார்வை மங்கிய நாய்க்கு வெள்ளை டைல்ஸின்மேல் வெள்ளைச் சாய்தளம் தெரியாது. விரிப்பின் நிறம் தரையின் நிறத்திலிருந்து நன்றாக வேறுபட வேண்டும். இரவில் அங்கே ஒரு சிறு விளக்கு எரியட்டும். ஊஞ்சல் உள்ள வீட்டில் முதிய நாயை அதில் ஏற்றவே கூடாது. அசையும் பலகைக்கு எந்தச் சாய்தளமும் பொருந்தாது.

சாய்தளத்தைக் கொண்டுவந்து சாத்திய அன்றே கழுத்துப்பட்டையைப் பிடித்து நாயை மேலே இழுப்பவர்கள் உண்டு. சிறு இனங்களில் பலவற்றுக்கு மூச்சுக்குழல் நலிவடையும் இயல்பு இருப்பதால், கழுத்தில் விழும் இழுப்பு இருமலையும் திணறலையும் கிளப்பும். மார்பைச் சுற்றும் ஹார்னெஸே பாதுகாப்பு. முதலில் பலகையைத் தரையில் தட்டையாகக் கிடத்தி, அதன்மேல் தின்பண்டத்தை வைத்து நடக்கவிட வேண்டும். பிறகு ஒரு முனையை ஒரு செங்கல் உயரத்துக்குத் தூக்கிப் பழக்கி, பயம் தெளிந்தபின் சோபாவில் சாத்தலாம். பழகிய பிறகும் நாய் தன் பழைய இடத்திலிருந்தே குதிக்கும் என்பதால், மற்றப் பக்கங்களைத் தலையணைகளாலோ நாற்காலியாலோ மறைப்பது தேவைப்படும்.

தூக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பிள்ளைகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது நாயின் பின்னுடல் தொங்கி, எடை முழுவதும் முதுகில் இழுக்கிறது. ஒரு கையை முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் அடியிலும், மறு கையைப் பின்தொடைகளின் அடியிலும் கொடுத்து, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி நம் உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். இறக்கும்போது நான்கு கால்களும் தரையில் ஊன்றிய பிறகே கைகளை எடுக்க வேண்டும். தரைக்கு அரையடி மேலேயே துள்ளிக் குதிக்கப் பார்க்கும் நாய்கள்தான் அதிகம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, இனி நாயை எதிலும் ஏறவிடாமல் கட்டிப்போடுவோம் என்று முடிவெடுப்பதும் தவறே. நடமாட்டம் குறைந்தால் தசை மெலியும். மெலிந்த தசை முதுகைத் தாங்காது. காலையும் மாலையும் வெயில் தாழ்ந்த நேரத்தில் சிறு நடை வேண்டும். டீக்கடைப் பொறையும் மிச்சப் பிரியாணியும் கொடுத்து வளர்த்த எடையைக் குறைத்தாலே மூட்டுகளுக்குப் பாதிச் சுமை இறங்கும். வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதால் பிரியாணியை அடியோடு நிறுத்துவதில் இரட்டைப் பயன் உண்டு. மார்கழிக் குளிரிலும் ஏ.சி. அறையிலும் மூட்டு இறுகும் என்பதால், அங்கே தரையில் தடித்த மெத்தை ஒன்று போட்டுவைத்தால் நாய் கட்டிலை நாடுவதே குறையும்.

குதித்தபின் நாய் முனகினாலோ நடுங்கினாலோ முதுகை வளைத்து நின்றாலோ, வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது: பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாய்க்கு ஈரலையோ சிறுநீரகத்தையோ குடலையோ கெடுக்கக்கூடியவை. பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தண்டுவட அழுத்தத்தில் நேரம் போகப்போக மீளும் வாய்ப்பு குறையும். தேவைப்பட்டால் வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்வார்கள். அப்போது நாயை மடியிலோ ஸ்கூட்டரின் முன்புறத்திலோ வைத்துக்கொண்டு செல்லாமல், அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே போர்வையை மடித்துப் போட்டு, முதுகு வளையாதபடி படுக்கவைத்துக் காரில் கொண்டுசெல்ல வேண்டும்.